ஒன்பதாவது மாடிக்குப் படியேறி

சுப்ரஜா: ஏனுங்க... இது எத்தனாவது மாடி?

கோகுல்நாத்: மூணு. இன்னும் ஆறுதான்.

சுப்ரஜா: ஆறு‘தானா’? இன்னிக்கு அந்த அபார்ட்மென்ட் செக்ரட்டரிய விடறதில்லை. வீட்டுக்குப் போனதும் போன் போட்டு ஒரு பிடி பிடிக்கறேன். ஒரு லிஃப்டை ரிப்பேர் பண்ண இத்தனை நாளா?

கோகுல்நாத்: வேண்டாம் கண்ணு! அவரே பாவம்... முட்டி வலிக்காரர்.

சுப்ரஜா: எனக்கு மட்டும் முட்டியில ஸ்ப்ரிங்கா வச்சிருக்கு?

கோகுல்நாத்: கோந்த்வால வீடு பாத்தப்போ, ‘ஒன்பதாவது மாடிதான் வேணும், காத்து வரும்’னு அடம் பிடிச்சது நீ. அதுவுமில்லாம ஹடப்சர் ஆபீஸ்ல நாள் பூரா நாற்காலியிலயே உக்காந்திருக்கோம். ஏறினா உடம்புக்கு நல்லதுதானே?

சுப்ரஜா: லிஃப்ட் நின்ன முதல் நாள், ரெண்டாவது மாடியிலயே ‘ஐயோ, மூச்சு போகுது’ன்னு கத்தினது யாரு?

கோகுல்நாத்: அது... வேற ஆளு. பையைக் குடு இப்படி. என்ன இது, டப்பா காலியா இருக்கு! புளியோதரை எங்கே?

சுப்ரஜா: கீழ வாட்ச்மேனுக்குக் குடுத்தேன்.

கோகுல்நாத்: இன்னிக்குமா? நேத்து தட்டுவடை, முந்தாநாள் எள்ளுருண்டை... கட்டின புருஷனுக்கு ஒரு வாய் கிடையாது!

சுப்ரஜா: உங்களுக்குக் கொய்யா இருக்கு. அஞ்சாவது மாடி ஜன்னல் வரட்டும்.

கோகுல்நாத்: அஞ்சாவது மாடி... வந்தாச்சு. உக்காரு, உக்காரு. அடடா, காத்தைப் பாரேன்! மழை வரும்போல.

சுப்ரஜா: உப்பு மிளகாப்பொடி?

கோகுல்நாத்: சட்டைப்பையில.

சுப்ரஜா: மீட்டிங்குக்குப் போற மேனேஜர்... சட்டைப்பையில மிளகாப்பொடி!

கோகுல்நாத்: பேச்சை மாத்தாதே. நேத்து பாதியில விட்டியே, உங்க ஹாஸ்டல் பூனை. வார்டன் கட்டிலுக்கு அடியில குட்டி போட்டுது... அப்புறம்?

சுப்ரஜா: அப்புறம் வார்டன் குனியறாங்க. நான் சட்டுனு ஓடிப்போய் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, மியா... ஷ்ஷ்! என்னங்க சத்தம்?

கோகுல்நாத்: எது?

சுப்ரஜா: உய்ய்ங்னு... லிஃப்ட் ஓடற மாதிரி?

கோகுல்நாத்: லிஃப்டா? ச்சேச்சே! யாரோ மிக்ஸி போடறாங்க.

சுப்ரஜா: ஓ... மிக்ஸி மாடி மாடியா ஏறி வருதே?

கோகுல்நாத்: பெரிய மிக்ஸி! நீ கதையைச் சொல்லு.

கேஷவ்ஜி: அரே கோகுல்ஜி! ஆப் சீடி பர்? லிஃப்ட் தோ கப் கா டீக் ஹோ கயா!

சுப்ரஜா: லிஃப்டுல இருந்து இறங்கின இந்த மாடி கேஷவ்ஜி என்ன சொல்லிட்டுப் போறார்?

கோகுல்நாத்: அது... சௌக்கியமான்னு கேக்கறார்.

சுப்ரஜா: புனேல இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், எனக்கு ஹிந்தி தெரியாதா? லிஃப்ட் எப்பவோ சரியாயிருச்சுங்கறார்.

கோகுல்நாத்: அ... அது வந்து...

சுப்ரஜா: வாயில என்ன, கொய்யாவா?

கோகுல்நாத்: சரி... எனக்குத் தெரியும். போன வாரமே சரியாயிருச்சு. காலையில பைக் எடுக்க உனக்கு முன்னாடி இறங்கறேனே, அப்போ லிஃப்ட்லதான் இறங்குவேன். உன்கிட்ட சொல்லலை. திட்டறதுன்னா திட்டு.

சுப்ரஜா: ஏன் சொல்லலை?

கோகுல்நாத்: லிஃப்ட்ல போனா ஆளுக்கொரு போனைப் பாத்துக்கிட்டே வீட்டுக்குள்ள நுழைஞ்சிருவோம். அப்புறம் உனக்கு உன் லேப்டாப், எனக்கு என் லேப்டாப். நீ பூனை மாதிரி கத்துவேன்னு கல்யாணமாகி இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது சுப்ரஜா! இந்தப் படியில உக்காந்து கொய்யா திங்கறப்போ... சந்தோஷமா இருக்கு. அவ்வளவுதான்.

சுப்ரஜா: ம்...

கோகுல்நாத்: விடு, நாளையிலிருந்து லிஃப்ட்லயே போலாம். ஏதோ என் நல்ல நேரம், கீழ ‘ரிப்பேர்’ போர்டைக் கழட்ட மறந்துட்டாங்க. அதனாலதான் இத்தனை நாள் ஓடுச்சு.

சுப்ரஜா: யாருங்க மறந்தது? நாம பைக்கை நிறுத்தற நேரத்துக்கு அதைக் கொண்டாந்து மாட்டி, நாம படியேறினதும் கழட்டறாரே வாட்ச்மேன்... தினமும் சும்மா செய்வாரா? புளியோதரை குடுக்க வேண்டாமா?