பெரியம்மாவின் ஆயில் எங்கே போனது

இந்த அறையின் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டிக் என்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, மேடம். மேல் மூடியின் திருகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஸ்டூல் கொடுத்தால் நானே முடுக்கிவிடுவேன். வேண்டாமென்றால் விடுங்கள், காது பழகிவிடும்.

நீங்கள் அவசரப்படாமல் கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் அப்படித்தான். வண்டிக்காரர் வந்து நின்றதும் நான் பானெட்டைத் திறப்பதில்லை. முதலில் அவரைப் பேசவிடுவேன். எப்போது ஆரம்பித்தது, ஏற்றத்திலா இறக்கத்திலா, சூடானதற்கு முன்பா பின்பா. பாதி நோய் அவர்கள் பேச்சிலேயே வெளியே வந்துவிடும். அதனால்தான் எனக்கு டாக்டர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சியின் கணவர். மலைமேல் உள்ள வீடுகளுக்குத் தொட்டிச் செடிகளும் மரக்கன்றுகளும் ஏற்றிப் போகும் வேன் அவருடையது. இருபத்தாறு வயது வேன். அதற்கு அவர் வைத்த பெயர் பெரியம்மா. நாள் முழுக்க முணுமுணுப்பாள், ஆனால் ஒரு வேலையையும் மறுக்க மாட்டாள் என்பார். ஊரில் எல்லாவற்றுக்கும் அவர்தான் பெயர் வைப்பார். தங்கச்சிக்கே கல்யாணமான முதல் வாரத்தில் கலெக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேனை என் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மச்சான், பெரியம்மா ரெண்டே நாள்ல ஒரு லிட்டர் ஆயில் குடிச்சிட்டா. ஏற்றத்துல சிவப்பு விளக்கு வேற கண்ணடிக்குது. எஞ்சின் போச்சா?"

முகத்தில் உயிரே இல்லை. எஞ்சின் போனால் பிழைப்பும் போகும். நான் உட்காருங்கள் என்றேன். பழைய பஸ் சீட் ஒன்றைச் சுவரோரம் போட்டு வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் உட்கார. தங்கச்சி அதன் ஒரு ஓரத்திலும் அவர் மறு ஓரத்திலும் உட்கார்ந்தார்கள்.

ஆயில் தொலைவதற்கு மூன்று வழிதான் உண்டு, மேடம். வெளியே ஒழுகும், உள்ளே எரியும், இல்லையென்றால் தொலையவே இல்லை, அளந்தவர் வண்டியைச் சரிவில் நிறுத்தி அளந்திருப்பார். அழுத்தம் என்பது தனிக் கதை. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மோட்டார் சோர்ந்துவிட்டால் மாடிக் குழாயில் சொட்டுகூட வராது இல்லையா, அதுபோல. ஆயில் இருப்பது வேறு, அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு விழிப்பார்கள்.

நான் புகைக்குழாயைப் பார்த்தேன். நீலப் புகை இல்லை, அதனால் எரியவில்லை. எஞ்சினைத் துணியால் பளபளவென்று துடைத்தேன். கீழே பழைய செய்தித்தாள்களை விரித்து, பத்து நிமிடம் ஓடவிட்டுக் காத்திருந்தேன். விளையாட்டுப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அந்தச் சொட்டின் நேர்மேலே பார்த்துக்கொண்டே போனால், கட்டைவிரல் அளவு பிரஷர் சுவிட்ச், ஆயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கை எரியவிடுவது. அது விரிசல் விட்டிருந்தது. ஆயில் அதன் வழியாக ஒழுகியது, அதே ஆயில் ஒயரை நனைத்து விளக்கையும் கண்ணடிக்க வைத்தது. இரண்டு புகாருக்கும் ஒரே குற்றவாளி. மாற்றிவிட்டேன். கேஜ் போட்டு அழுத்தம் பார்த்தேன். பெரியம்மாவுக்கு இருபது வயதுப் பெண்ணின் அழுத்தம் இருந்தது.

மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்தார். நீங்க மெக்கானிக் இல்ல மச்சான், டாக்டர் என்றார். சின்ன வயதில் தங்கச்சியின் பொம்மைக் கையை நான் ஒட்டிக் கொடுத்தபோது பார்த்தாளே, அப்படிப் பார்த்தாள். அன்று மதியம் அவர்கள் வீட்டில் எனக்குத்தான் முதல் தட்டு. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் அந்தச் சொட்டின் கதையை மாப்பிள்ளை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் சொட்டு சின்னதாகிக்கொண்டே போனது. நான் கெட்டிக்காரனாகிக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையும் வரவில்லை. தெருவில் பார்த்தபோது, வண்டி நல்லா ஓடுது மச்சான், அதான் வரல என்றார். நியாயமான பதில். யாராவது உடம்பு நன்றாக இருக்கும்போது டாக்டரிடம் போவார்களா? எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீளமாக இருந்தது.

அடுத்த முறை ஆயில் மாற்ற வந்தபோது ஆயில் வடிக்கும் அடி நட்டை அரைச் சுற்று குறைவாக முடுக்கினேன். அரைச் சுற்றுதான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. மூன்றாம் நாள் அவர் வீட்டு வாசலில் தட்டளவு கறை விழுந்தது, அந்த ஞாயிறே வந்துவிட்டார்கள். கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும், எங்கே பார்க்க வேண்டுமென்று தெரியுமே. ஆனாலும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். துடைத்தேன், செய்தித்தாள் விரித்தேன், தலையை ஆட்டினேன். தங்கச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நல்ல கதை சொல்கிறவர்கள் முதல் பக்கத்திலேயே முடிவைச் சொல்வதில்லையே.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். மற்றவர்களுடையதையும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டரின் கார், நடனம் சொல்லிக் கொடுக்கும் அம்மாவின் கார், தபால்காரரின் வண்டி. மொத்தம் பதினோரு வண்டிகள். எல்லாம் சின்னச் சின்ன வேலை, ஒரு குழாயின் கிளிப், ஒரு வாஷர். எதற்கும் கூடுதல் காசு வாங்கியதில்லை, பலரிடம் காசே வாங்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாகத்தான் போனார்கள். ஒரு பொருள் கிடைத்த சந்தோஷம் வேண்டுமென்றால் அது முதலில் தொலைய வேண்டும். தொலைப்பதில் நான் கொஞ்சம் உதவினேன்.

மாப்பிள்ளை என்னோடு நேரம் கழிக்க ஆரம்பித்தார். வண்டி சரியாகும்வரை பஸ் சீட்டில் உட்காராமல் என் பக்கத்தில் குனிந்து நின்று கேள்வி கேட்பார். சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். எனக்கும் சொல்லிக் கொடுப்பதில் ஆர்வம்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது, உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இந்த வருட ஆரம்பத்தில் பேக்கரிக்காரர் தன் காரோடு வந்தார். விளக்கு எரிகிறது என்றார். பத்துப் பேர் இருந்தார்கள், ஞாயிறு கூட்டம். நான் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். மாப்பிள்ளை ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார், எஞ்சின் சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்டார்.

"மச்சான், ஆயில் அளவு சரியா இருக்கு, உள்ள தட்டுற சத்தமும் இல்ல. முதல்ல கேஜ் போட்டுடலாமே. சுவிட்ச் பொய் சொல்லுதுன்னு நினைக்கிறேன்."

கேஜ் போட்டோம். சுவிட்ச்தான் பொய் சொல்லியது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

"டாக்டரைக் கம்பவுண்டர் முந்திட்டாருப்பா," என்றார் பேக்கரிக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி கண்ணில் நீர் வரச் சிரித்து, இனிமே நம்ம வீட்டுக்கே ஒரு டாக்டர் வந்தாச்சு, அண்ணனைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்றாள். நானும் சிரித்தேன். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பெரியம்மாவுக்கு ஆயில் மாற்றும் தேதி வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு தவறு உண்டு, மேடம். அனுபவசாலிகளும் செய்வார்கள். ஆயில் ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அந்த வளையம் கழன்று எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் புது ஃபில்டரை மாட்டினால் ரப்பர் மேல் ரப்பர். மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் எஞ்சின் வேகமெடுக்கும்போது அழுத்தம் வளையத்தைப் பிதுக்கிவிடும். ஒரு நிமிடத்தில் மொத்த ஆயிலும் சாலையில்.

எனக்கு அந்தத் தவறு ஒருபோதும் நடந்ததில்லை. பழைய டப்பாவிலிருந்து தட்டையாகிப்போன வளையம் ஒன்றைத் தேடி எடுத்து, கிரீஸ் தடவி ஒட்டவைத்து, அதன்மேல் புது ஃபில்டரை மாட்டினேன். நான் கவனமானவன். மலைப்பாதையில் எந்த இடத்தில் போகும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாவது வளைவு. அங்கே சாலையோரம் அகலம், போனுக்குச் சிக்னலும் உண்டு. விளக்கு எரியும், அவர் உடனே நிறுத்துவார், அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். பிறகு என்னைக் கூப்பிடுவார். இதைக் கம்பவுண்டரால் கண்டுபிடிக்க முடியாது. கைகழுவிவிட்டு டீ போட்டுக்கொண்டேன். போனை சார்ஜில் போட்டு, ஒலியைக் கூட்டி, மேசைமேல் வைத்தேன். மனசுக்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது வளைவு, மாலை நாலு மணி. உடனே நிறுத்தியிருக்கிறார். எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நல்ல மாணவர்.

கூப்பிட்டது தங்கச்சியை. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"கலெக்டரம்மா, அண்ணனுக்குச் சொல்லாத. நானே கண்டுபிடிச்சுட்டு வர்றேன். மச்சான் அசந்துடுவார் பாரு."

சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்கிறார், அதுவும் நான் சொன்னதுதான். ஜாக்கி போட்டு வேனைத் தூக்கிக் கீழே போயிருக்கிறார். ஆனால் சாலையெல்லாம் ஆயில். ஜாக்கியின் அடி ஆயிலில் நின்றது. முதல் காரியமாக மண் தூவியிருக்க வேண்டும். அதை மட்டும் நான் சொல்லித் தரவில்லை, அதற்கு அவசியம் வந்ததில்லை. நூற்றி நாற்பது தொட்டிகளோடு பெரியம்மா அவர்மேல் இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் வந்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

போன வாரம் உங்கள் போலீஸ் நிபுணரின் அறிக்கை தங்கச்சி வீட்டுக்கு வந்தது. அவளுக்குப் புரியவில்லை, என்னைப் படித்துச் சொல்லச் சொன்னாள். வண்டியின் வயது காரணமாக ஆயில் பம்ப் தேய்ந்து, பராமரிப்புக் குறைவால் விபத்து என்று எழுதியிருந்தது.

"அண்ணா, அவர் கவனிக்காம விட்டுட்டாரா? ஓட்டை வண்டின்னு தெரிஞ்சுமா ஓட்டினார்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் கொஞ்ச நாள் அவர்மேல் கோபமாக இருந்திருப்பாள், கோபம் துக்கத்தைவிட எளிது. யாரும் என்னிடம் வந்திருக்க மாட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். ஆனால் வரவில்லை. தேய்ந்த பம்பால் அழுத்தம் குறையும், மேடம், ஆயில் சாலையில் கொட்டாது. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்படியொரு தப்பான முடிவு முத்திரை குத்தி ஃபைலில் இருக்கலாமா?

தங்கச்சிக்காகத்தான் வந்தேன் என்று எழுதுங்கள். அது உண்மையும்தான். அவள் கணவர் கவனக்குறைவானவர் இல்லை. ஃபில்டரில் வளையத்தை வைத்தது நான், தெரிந்தே வைத்தேன், அவர் சாவுக்கு வேறு யாரும் காரணம் இல்லை. நேற்று அவளிடமும் இதையேதான் சொன்னேன். எப்படிக் கண்டுபிடிச்சே என்று கேட்பாள் என நினைத்தேன், கேட்கவில்லை. அதிர்ச்சியாக இருக்கும்.

இன்னொன்றும் திருத்த வேண்டும். அவரிடமிருந்து எடுத்த பொருள்களின் பட்டியலில் ஏழாவதாக, வலது கைக்குள் இருந்த கறுப்பு ரப்பர் வளையம், உபயோகம் தெரியவில்லை என்றிருக்கிறது. அது நான் ஒட்டவைத்த இரண்டாவது வளையம். ஆக, மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். நான் மறைக்கவில்லை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர் கண்டுபிடித்தது வளையத்தை மட்டும்தான். அதை வைத்தது யார் என்று அவருக்குத் தெரியாது, உங்கள் நிபுணருக்கும் தெரியவில்லை, நான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதனால் கோளாறைக் கண்டறிந்தவர் என்று அறிக்கையின் கீழே ஒரு கோடு விட்டிருக்கிறார்களே, அங்கே என் பெயரைப் போடுவதுதான் முறை.