உறுமலை அடக்கிய வீடு

செல்லப்பிராணிகள் நலம் பேசும் இந்த அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீளுமோ என்ற கவலையைப் புன்னகையால் மறைத்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! வாயில்லா உயிர்களின் வலியை வாசித்துச் சொல்லும் மருத்துவப் பெருமக்களே! பேரப்பிள்ளையையும் பூனைக்குட்டியையும் ஒரே மடியில் தாங்கும் பெரியோர்களே! ஒரு கையில் பிள்ளை, மறு கையில் நாயின் கயிறு என்று, தட்டக் கை இல்லாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! விருப்பமே இல்லாமல் இங்கு அழைத்து வரப்பட்டு, கூடைக்குள்ளிருந்து என்னை முறைக்கும் பூனையாரே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மருத்துவர் இல்லை. படித்தது வணிகவியல், பழகியது பயம். நடை பழகும் பெண் குழந்தைக்குத் தாய் என்றால் பயம்தானே முழுநேர வேலை? பாப்பா இருமினால் பயம். இருமாவிட்டால், ஏன் இன்னும் இருமவில்லை என்று பயம். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, தூங்கும் பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று நீங்களும் பார்த்தவர்கள்தான்!

எங்கள் வீட்டு நாயின் பெயர் மேனேஜர். தான் ஒரு வேலையும் செய்யாது; வேலை செய்பவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து மேற்பார்வை பார்க்கும். அலுவலகத்தில் இருந்து நேராக இங்கு வந்தவர்கள் யார் யார் என்று இந்தச் சிரிப்பிலேயே தெரிகிறது!

பாப்பா நடக்கத் தொடங்கியதும் நேராக நடந்து போனது மேனேஜரிடம். கழுத்தைக் கட்டினாள். காதைப் பிடித்து இழுத்தாள். அது பொறுத்தது. பொறுத்துப் பொறுத்து, ஒரு நாள் உறுமியது.

என் கணவர் என்ன செய்தார்? அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு, ஆனா என்னைக் கை காட்டாத" என்றார். காட்ட மாட்டேன். நீலச் சட்டை. அவர் செய்தித்தாளைச் சுருட்டினார். உறுமினால் ஓர் அடி. "பாப்பாவைப் பாத்தா உறுமுற?" மறுபடி உறுமினால் மறுபடி அடி. மெல்ல மெல்ல உறுமல் நின்றது. "பாத்தியா, எப்படித் திருத்திட்டேன்!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வீடு அமைதியானது. அந்த அமைதியை நாங்கள் அன்பு என்று நம்பினோம்.

ஒரு மாலை, படுத்திருந்த மேனேஜரின் தலைமேல் பாப்பா சாய்ந்தாள். சத்தமில்லை, சைகையில்லை. சட்டென்று பாய்ந்தன பற்கள்! கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வெறும் காற்று. கடி படவில்லை. ஆனால் பல்லோடு பல் மோதிய அந்த 'டக்' இருக்கிறதே, அதைக் கேட்ட தாய்க்கு வேறென்ன தோன்றும்?

"இனி இது இந்த வீட்டுல வேண்டாங்க."

"சரி, நம்ம சரக்குக் கிடங்குல கட்டிடலாம். காவலுக்கும் ஆச்சு."

அனுப்பும் முன் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டுமே என்று மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா ஊசியை எடுக்கவில்லை. முதலில் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார். முதுகு, வயிறு, கால் எல்லாவற்றையும் மேனேஜர் தொடக் கொடுத்தது. வலது காதருகே கை போனதும் வாலாட்டம் நின்றது. வாயை மூடி, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் காதைத் தூக்கி முகர்ந்தார்.

"இந்த நாத்தம் ரொம்ப நாளா இருக்கா?"

"நாய்னா நாத்தம் இருக்கும்தானே டாக்டர்?" என்றார் என் கணவர்.

"நாய் வாடை வேற சார். இது சீழ் வாடை. உள்ள புண்ணு. கை பட்டா உயிர் போய் உயிர் வரும்."

"அப்ப வலிக்குதுன்னு காட்டியிருக்கணுமே?"

"ஏன், அது உறுமவே இல்லையா?"

"உறுமுச்சு. அதைத்தான் அடிச்சுத் திருத்திட்டேனே!"

டாக்டரம்மா கையிலிருந்த விளக்கை மேசையில் வைத்தார். "புகை வந்தா கத்துற அலாரம் இருக்குல்ல? சத்தம் எரிச்சலா இருக்குன்னு பேட்டரியைக் கழட்டிட்டீங்க. இப்ப, சொல்லாம கொள்ளாம தீப்பிடிச்சிடுச்சுன்னு வந்து நிக்கிறீங்க."

உறுமல் என்ன, பகையா? துரோகமா? வளர்த்த கையை மறந்த திமிரா? இல்லை அவையோரே, இல்லை! கடிக்க மனமில்லாத உயிர், கடிக்கும் முன் காட்டும் கருணை அது!

ஆனால் நான் தாய். கேட்டேன்: "காது ஆறிட்டா இனி பயமில்லன்னு சொல்லுங்க டாக்டர்."

"சொல்ல மாட்டேம்மா. எந்த நாய்க்கும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரையும் தனியா விடாதீங்க. நடுவுல கம்பிக் கதவு போடுங்க. பாப்பா கை எட்டாத ஒரு மூலை இதுக்கு வேணும். உறுமினா அடிக்காதீங்க, குழந்தையைத் தூக்கிடுங்க. வச்சுக்க முடியாதுன்னா அதுவும் தப்பில்ல. ஆனா வலியோட அனுப்பாதீங்க. கிடங்குலயும் ஒரு மனுஷன் கை இந்தக் காதுல படும்."

என் கணவர் குனிந்தார். "ஏண்டா, நீ சொல்லிக்கிட்டேதானடா இருந்த…" என்று மேனேஜரின் முதுகைத் தடவினார்.

கிடங்குப் பேச்சை நிறுத்தினோம். மருந்து விட்டோம், கம்பிக் கதவு போட்டோம், காது ஆறியது. ஆனால் மேனேஜர் ஊமையாகவே இருந்தது. அந்த மௌனம்தான் என்னை அச்சுறுத்தியது. உறுமாத நாயை எப்படி நம்புவேன்? என் கண்ணெதிரே அது உறுமாத வரை, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தேன்.

பிறகு ஒரு காலை. மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கம்பி வழியே பாப்பா கையை நீட்டினாள். அடித்தொண்டையில், தயங்கித் தயங்கி, ஒரு 'உர்ர்…' பாப்பாவை அள்ளித் தூக்கினேன். குளியலறையில் இருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார் இவர். "உறுமுச்சா? நெசமாவா? அடி வாங்கியும் நம்மள நம்பிடுச்சா?" பிள்ளையின் முதல் சொல்லைக் கேட்டவர் போல நின்றார். நான் சொன்னேன்: "இது இங்கயே இருக்கட்டுங்க."

பெரியோர்களே! கட்டிலுக்கடியில் பதுங்கும் பூனையைச் சாது என்கிறோம். படியேற மறுக்கும் கிழநாயைச் சோம்பேறி என்கிறோம். அடங்கியது என்று மகிழ்கிறோமே, ஆறியதா என்று பார்த்தோமா? வீட்டில் பாப்பா அழுதால் முன்பெல்லாம் "அழாத, அழாத" என்பேன். இப்போது "எங்கடா வலிக்குது?" என்று கேட்கிறேன். வலிக்கிறது என்று சொல்ல ஓர் உயிர் துணிகிற வீடுதான் பாதுகாப்பான வீடு! அந்தத் துணிவை அடித்து அடக்கிவிடாதீர்கள்!

ஒரு பயந்தாங்கொள்ளித் தாயை மேடையேற்றிய அவைக்கும், பொறுமையோடு செவி கொடுத்த உங்களுக்கும், உங்கள் காலடியில் படுத்திருக்கும் உயிர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.