ரோட்டோரம் எரியும் விளக்கு

மேடையில் வீற்றிருக்கும் கிடங்கு முதலாளி கருப்புசாமி அவர்களே, சங்கத் தோழர்களே, வேலந்தாவளத்திலிருந்து வந்திருக்கும் லாரி ஓட்டுநர்களே, தாயை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கை மௌனிகாவே! சங்கச் செயலாளர் சிவப்பிரகாஷின் கனத்த வணக்கம்.

முதலமடை மாங்காய்க் கிடங்குத் தொழிலாளர் சங்கத் தலைவி மருதாத்தாள் அக்கா இன்று படமாகிவிட்டார். மாலை போட்டிருக்கிறோம், விளக்கு எங்கே என்று கேட்டீர்கள். விளக்கு அதோ, கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் எரிகிறது. ஏன் அங்கே?

அப்போதெல்லாம் கார்பைடு கல் வைத்துத்தானே பழுக்க வைத்தோம்! வியர்வை பட்டாலே கை வெந்துபோகும். ஈரம் பட்டால் பூண்டு நாற்றத்தோடு கிளம்புவது அசிட்டிலீன், வெல்டிங் பட்டறையில் இரும்பை வெட்டுகிற அதே வாயு! மூடிய அறைக்குள் அந்தக் கல்லைப் பொட்டலம் கட்டிப் பெட்டிக்குப் பெட்டி வைத்தவர்கள் யார்? நம் பெண்கள் அல்லவா?

ஒரு சீசனின் முதல் பூஜை. கோடை மழையில் கூரை ஒழுகிக் கல் டிரம் நனைந்திருந்தது நமக்குத் தெரியாது. முதலாளி தட்டில் சூடம் ஏற்றிக் கிடங்குக் கதவருகே போனார். அக்கா குறுக்கே வந்து வாயால் ஊதி அணைத்துவிட்டார். சாமிக்கு ஏற்றிய சூடத்தை! எல்லோரும் கொதித்துப்போனோம்.

“ஏனுங்க, உள்ள பூண்டு நாத்தமா அடிக்குதுங்க. கதவத் தொறந்து காத்துப் போகட்டுங்க. சாமி எங்கீங்க போயிரும்?” என்றார்.

திறந்தால், டிரம் இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சூடம் உள்ளே போயிருந்தால் இன்று இங்கே எத்தனை பேர் இருந்திருப்போம்? அடுத்த சீசனிலிருந்து பூஜையை ரோட்டோரத்துக்கு மாற்றியவர் முதலாளிதான்.

அக்கா விடாமல் போராடிக் கல்லை ஒழித்தார். அதற்குப் பதிலாகப் பழுக்க வைக்க எத்திலீன் வாயு அறை வந்தது. அதுவும் தீப்பிடிக்கும் வாயுதானே! அறையைத் திறந்ததும் வாசலில் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வார். காற்று மாறும்வரை ஒருவரையும் உள்ளே விடமாட்டார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால், “அடிக்கட்டுமுங்க, மாம்பழம் என்ன ஓடியா போயிரும்?” என்பார்.

ஆனால் கல்லோடு கழித்த வருஷங்கள் அவர் நெஞ்சைக் கெடுத்துவிட்டன. நம்மைக் காப்பாற்றிய மூக்குக்குக் கடைசியில் மாம்பழ வாசம்கூட எட்டவில்லை. போன சீசன் முடிவில் மௌனிகா பழத்தைச் சீவி நீட்டினாள். மோந்து மோந்து பார்த்துவிட்டு, “எப்படி மணக்குது, நீ சொல்லு கண்ணு” என்றார்.

அக்கா, உங்கள் அதட்டலுக்கு ஏங்கிக் கிடக்கிறோம்! நாளைக்கு இந்த சீசனின் முதல் அறை திறக்கிறது. வாசலில் அந்தப் பெட்டி சும்மா கிடக்குமா? கிடக்காது! முறை போட்டு நாங்கள் உட்காருவோம். காற்று மாறும்வரை முதலாளியே வந்தாலும் எழமாட்டோம். இது உங்கள்மேல் ஆணை!

தோழர்களே, ரோட்டோரம் காற்று பலமாக இருக்கிறது. போகும்போது அந்த விளக்கு அணைந்திருந்தால் சகுனம் என்று முகம் சுளிக்காதீர்கள். அக்கா வந்து ஊதிவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.