அறுந்த கோடு

எனக்குக் கோணல்மாணலாக எது இருந்தாலும் பிடிக்காது. சாப்பிடும்போது தட்டைக்கூட மேசை விளிம்புக்கு நேராகத்தான் வைப்பேன். அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

கழிவுத் தொட்டிகள் உள்ள ஆலையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. தொட்டிக்குள் இருக்கும் சென்சார் நிமிடத்துக்கு ஒருமுறை விஷவாயுவின் அளவை அனுப்பும். சர்வரில் ஓடும் என் புரோகிராம் அதை வாங்கி, நேரத்தைக் குறுக்கிலும் அளவை நெடுக்கிலும் வைத்து, ஒரு கோடாக வரைந்து, தொட்டி வாசலில் இருக்கும் திரைக்கு அனுப்பும். கோடு சிவப்புப் பட்டைக்குக் கீழே ஓடினால் ஆட்கள் இறங்கலாம்.

சென்சார் பழசு. அடிக்கடி பேச்சை நிறுத்திவிடும். கோடு அங்கங்கே அறுந்து நிற்கும்.

“என்னப்பா இது, எலி கடிச்ச கயிறு மாதிரி? வர்றவங்க முன்னாடி மானம் போகுது” என்றார் மேனேஜர்.

புது சென்சார் கேட்டேன்.

“அதெல்லாம் அப்புறம். முதல்ல கோட்டைச் சரி பண்ணு.”

பண்ணினேன். அளவு வராதபோது, கடைசியாக வந்ததையே திரும்பத் திரும்பப் போடும்படி ஒரு வரி எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். அதன்பின் அந்த வரியை எடுக்க வழியில்லை. எடுத்தால், இத்தனை நாள் எதை வரைந்தாய் என்று கேட்பார்கள்.

அன்று காலையிலிருந்தே சென்சார் ஒன்றும் அனுப்பவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர். தொட்டி வாசலிலிருந்து போனில் கூப்பிட்டார்.

“மாப்ள, கோடு ஆடாம அசையாம கிடக்கே. நம்பி இறங்கலாமா?”

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். எழுந்தால்கூட அவரை இடித்துக்கொண்டுதான் எழ வேண்டும்.

“இறங்குங்க மாமா. காத்து நல்லா இருக்குன்னு அர்த்தம்” என்றேன்.

உயிரில்லாத அவரை மேலே தூக்கியபோது, ஏணியின் அடிப்படியைப் பிடித்த கையைப் பிரிக்கச் சிரமப்பட்டார்களாம்.

விசாரணைக்கு வந்தவர்கள் அன்றைய கோட்டைக் கேட்டார்கள். அவ்வளவு நேராக இருந்தால் சந்தேகம் வரும். சில எண்களை மாற்றி மறுபடி வரைந்து கொடுத்தேன். புதிய கோடு, அவர் இறங்குவதற்கு முன்பே சிவப்பைத் தொட்டது. எச்சரிக்கையைப் பார்த்தும் இறங்கியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சாப்பாடு போடும்போது சில நாள் கேட்பாள்.

“ஏன்டா, சிவப்பைப் பாத்துக்கிட்டே இறங்குற ஆளா அவரு?”

“அவரு அவசரக்காரர், அக்கா. விடு” என்பேன்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.