சீனி போடாத டீ

நான் டீக்குச் சீனி போட்டுக்கொள்வதில்லை. கடம்பூர் போளி கொடுத்தாலும் தொட மாட்டேன். காசிராஜனுக்குச் சர்க்கரை வியாதி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வியாதி ஒன்றும் இல்லை, கொள்கை.

கற்றுத் தந்தவர் ஹன்னா. குவாக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த வெள்ளைக்கார அம்மா. மதுரையில் இரண்டு வருடம் தங்கித் தமிழ் பழகியவர். தொண்ணூற்றேழில் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்களைப் பார்க்க வந்தவரிடம், பிள்ளைகளை அடிக்காத முதலாளி என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். என் ஆபீஸில் பிரம்பே கிடையாது.

டீ வந்தது. அவருடைய முன்னோர் இருநூறு வருடத்துக்கு முன்னால், அடிமைகள் வெட்டிய கரும்பின் சீனி வாயில் படக்கூடாது என்று வெறும் டீ குடித்தார்களாம். அடிமை வைத்திருந்தவனைச் சபையைவிட்டே விலக்கினார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றோடு சீனியை விட்டேன்.

பிறகு கேட்டார். "பிள்ளைங்க நினைச்ச நேரம் வீட்டுக்குப் போகலாமா? கதவைப் பூட்டுவீங்களா?"

"பூட்டுததே இல்லம்மா."

அவர் சத்தியம் கேட்கவில்லை. அந்தச் சபைக்காரர்கள் சத்தியம் வாங்குவதுமில்லை, செய்வதுமில்லை. ஆமாம் என்றால் ஆமாம்தான். பெற்ற தாய்கூட என்னை அப்படி நம்பியதில்லை.

பூட்டினேன். பெற்றவர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய பிள்ளைகள். பாதியில் ஓடிவிட்டால் யாரைக் கேட்பது? அடிமைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடிமை என்றால் கப்பலில் வர வேண்டும். இவர்கள் எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து என் வேனில்தான் வந்தார்கள்.

அடுத்த சித்திரையில் ஹன்னா மறுபடி வந்து, பிள்ளைகளோடு தங்கள் வழிபாட்டை நடத்த ஆசைப்பட்டார். மந்திரமில்லை, பாட்டில்லை. அரை மணி நேரம் எல்லோரும் பேசாமல் உட்கார வேண்டும். யாருக்கு மனசு உந்துகிறதோ அவர் எழுந்து பேசலாம். அதில் சின்னவர் பெரியவர் கிடையாது. குச்சி அடுக்கும் கட்டைகளைக் கீழே வைத்துவிட்டு நாற்பது பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

முன்வரிசையில், மருந்தில் முக்கியெடுத்த குச்சிக் கட்டைகள் காயும் அறையின் வாசலையொட்டி, சொர்ணத்தாய் இருந்தாள். பன்னிரண்டு வயது. அவள்தான் எழுந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

ஹன்னா கண்ணைத் திறந்து அவளைச் சந்தோஷமாகப் பார்த்தார். முந்தின நாள்தான் அவள், தம்பிக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போகணும் என்று பின்வாசல் பூட்டைப் பிடித்து ஆட்டி அழுதிருந்தாள். அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பொறவு சொல்லலாம். உக்காரு தாயி." குரலைக்கூட உயர்த்தவில்லை.

உட்கார்ந்தாள். காயும் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

காயும் அறையிலிருந்து கிளம்பிய தீ எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் வந்தது. ஹன்னாவை முன்வாசல் வழியாக வெளியே இழுத்து வந்தது நான்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பின்வாசல் திறந்துதானே இருக்கு?"

"ஆமாம்மா."

அவர் தண்ணீர் கேட்டுத் தெருவில் ஓடினார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கடப்பாரையால் பின்கதவை உடைத்தார்கள். முப்பத்தொன்பது பிள்ளைகள் வெளியே வந்தார்கள். உடைந்த பூட்டை எடுத்துக் கிணற்றில் போட்டேன்.

சொர்ணத்தாய் குச்சியை உரசி விளையாடியதால் விபத்து என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. பத்து வருடமாகிறது. அவள் அம்மா சுந்தரம்மாள் நிற்கிற பஸ் ஸ்டாப் வழியாக நான் போவதில்லை, வெட்கமாக இருக்கிறது. ஹன்னா வருடம் ஒரு கடிதம் போடுகிறார். 'நண்பரே' என்றுதான் ஆரம்பிக்கிறார். அதைப் படிக்க இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பயத்தில் கை கால் ஓடவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. பின்வாசலுக்குச் சந்து வழியாக முப்பது தப்படிதான். சாவி என் இடுப்பில் இருந்தது. எடுத்தால், பூட்டியிருந்தது ஹன்னாவுக்குத் தெரிந்துவிடும்.