கிழக்கு என்றுதான் சொன்னேன்

கணினி பழுதுபார்க்கிறவனிடம் எல்லோரும் பொய்தான் சொல்வார்கள், ஐயா. "நான் ஒண்ணுமே பண்ணல சார், அதுவாவே நின்னுபோச்சு" என்பார்கள். கீபோர்டிலிருந்து தேநீர் சொட்டிக்கொண்டிருக்கும், அப்போதும் அதையேதான் சொல்வார்கள். நான் யாரையும் கோபித்துக்கொண்டதில்லை. துடைத்து, காயவைத்து, கொடுத்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் என்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. நீங்களும் விசாரித்திருப்பீர்கள்.

அந்த ப்ராம்ப்ட் ஏன் வரவில்லை என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் போதும், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

எங்கள் குடிநீர் நிலையத்தில் வால்வுகளைத் திறந்து மூடுகிற நிரல் ரொம்பப் பழையது. எழுதியவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். கணினிகளை மாற்றினார்கள், நிரலில் கைவைக்க மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதனால் புதுக் கணினிக்குள்ளே, பழைய கணினி மாதிரி நடிக்கிற ஓர் இடத்தை உண்டாக்கி அதில் நிரலைக் குடிவைத்தோம். இடம் மாறியதே அதற்குத் தெரியாது. ஆபீசில் அதற்கு 'வாடகை வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாடகை வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் கதவு சாத்தாது, ஒரு நாள் விளக்கு எரியாது.

கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவர் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறப்பார். வரியின் தொடக்கத்தில் 'கிழக்கு' என்றோ 'மேற்கு' என்றோ குழாயின் பெயர் வரும். அதுதான் ப்ராம்ப்ட். இப்போது இந்தக் குழாயோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள், என்ன வேண்டும், சொல்லுங்கள் என்று அர்த்தம். பக்கத்தில் கட்டளையைத் தட்டினால் அந்தக் குழாயின் வால்வு நகரும்.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அது எல்லாத் திரையிலும் காணாமல் போயிற்று. கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தட்டினால் கட்டளை வேலை செய்யும், ஆனால் எந்தக் குழாயில் நிற்கிறோம் என்பது தெரியாது. நான் எழுத்துருவை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன், வாடகை வீட்டையே இடித்துத் திரும்பக் கட்டினேன். வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஷிஃப்டில் இருப்பவர்கள் என்னைப் பார்த்தாலே உச்சுக்கொட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போதுதான் என் தம்பி வேலைக்குச் சேர்ந்தான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன், ஆபரேட்டராக. அம்மா சாகும்வரை அவனைச் 'சூட்டிகை' என்பாள், என்னைப் 'பொறுப்பானவன்' என்பாள். பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் சீக்கிரமே புரிந்துவிடும்.

சேர்ந்த வாரமே என் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். தேநீர் ஆறுவதற்குள் சிரித்தான்.

"அண்ணா, எதிர்ல மனுஷன் யாருமே இல்லன்னு இது நெனச்சுக்குது. ஏதோ இன்னொரு ப்ரோக்ராம்தான் பேசுதுன்னு நெனச்சு, சொல்லுங்கன்னு கேக்காம இருக்கு. மனுஷன்தான் இருக்கான்னு நாம சொல்லிட்டா போதும்."

ஜன்னலைத் திறக்கிற கோப்பில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தான். எல்லாத் திரையிலும் ப்ராம்ப்ட் வந்தது. ஷிஃப்ட் பொறுப்பாளர் அம்மா கைதட்டினார். தலைமைப் பொறியாளர் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். தம்பி என் தோளில் கைபோட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "அண்ணன் எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணி வெச்சிருந்தாரு. இது ஒண்ணுதான் பாக்கி."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வரவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவனுக்குப் பிடித்த பழமெல்லாம் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் தடவை விளையாட்டுக்குத்தான் செய்தேன். என் இடத்திலிருந்தே எந்தத் திரையின் கோப்பையும் மாற்றலாம், எந்தத் திரையையும் பார்க்கலாம். அவனுடையதில் மட்டும் அந்தச் சொல்லை எடுத்தேன். ஜன்னலைத் திறந்தான், ப்ராம்ப்ட் இல்லை. என்னைக் கூப்பிட்டான். போய்க் குனிந்து பார்த்தேன்.

"எங்கடா இல்ல? கிழக்குன்னு இருக்கே."

என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பான். நானும் சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவன் முகத்தில் ஒன்று வந்து போயிற்று, அதைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். அப்பா இறந்தபோது அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச காலம் தூக்கமில்லாமல், பக்கத்து அறையில் அப்பா இருமுகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். "இல்லடா, யாரும் இருமல" என்று கூடவே படுத்திருந்து தேற்றியவன் நான். அவன் மனம் எந்த இடத்தில் மெலிசு என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் மனைவிக்குக்கூட அவன் சொன்னதில்லை.

"ஷிஃப்ட் அம்மாவக் கூப்பிட்டுக் காட்டேன்" என்றேன். அவர் வருவதற்குள் என் இடத்துக்குத் திரும்பி, சொல்லைச் சேர்த்துவிட்டேன். "ஜன்னல மூடித் திற தம்பி" என்று அவர் சொல்ல, அவன் திறந்தான். "இதோ இருக்கே! கண்ணாடி போடணும் போல உனக்கு" என்று அவர் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் அடிக்கடி செய்தேன். தினமும் இல்லை. தினமும் செய்திருந்தால் பழுது என்று கண்டுபிடித்திருப்பான். எப்போதாவது வருவதுதான் பயமாக இருக்கும். படம் எடுத்து யாரிடமாவது காட்ட வழியில்லை, கட்டுப்பாட்டு அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. கோப்பைத் திறந்தும் பார்த்தான் ஒரு நாள். அதில் எல்லாம் சரியாக இருந்தது. நான்தான் சரியாக வைத்திருந்தேனே. கோப்பு சரியாக இருந்தால் வேறு எதுதான் கோளாறு? அந்தக் கேள்வியை அவனே கேட்டுக்கொண்டான். நான் கேட்கவில்லை.

கண் மருத்துவரிடம் போனான். கண் நன்றாக இருக்கிறது என்றார். அன்று சாயங்காலம் அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நிஜமாவே அது அங்க இருக்கா?"

"இருக்கும்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"அவனுக்காகப் பொய் சொல்லலாமான்னுகூட யோசிச்சேன். ஆனா அது அவனுக்கு நல்லதில்ல."

அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு அப்பாவின் இருமலைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரியவேண்டியதுதானே.

மனநல மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனதும் நான்தான். அவர் அவனைவிட என்னிடம்தான் அதிகம் கேட்டார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். மாத்திரை போட்டதும் தம்பி மெதுவாகிவிட்டான். பேசுவதற்கு முன் ஒரு இடைவெளி வந்தது. முன்பெல்லாம் எல்லோரையும் சிரிக்கவைப்பான், இப்போது மற்றவர்கள் சிரித்தபிறகு கொஞ்சம் தள்ளி அவனும் சிரித்தான். தலைமைப் பொறியாளர் அவனை வேறு பிரிவுக்கு மாற்றப் பார்த்தார். நான் போய்க் கெஞ்சினேன். "வேலைதான் சார் அவனுக்கு மருந்து. நான் கூடவே இருந்து பாத்துக்கறேன்." அண்ணன் என்றால் இப்படி இருக்கணும் என்று அவர் எல்லோரிடமும் சொன்னாராம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன்னும் தம்பி உள்தொலைபேசியில் என்னைக் கேட்பான். "அண்ணா, கிழக்குதானே?" "கிழக்குதான்." அதற்குப் பிறகுதான் தட்டுவான். திரையில் ப்ராம்ப்ட் தெளிவாக இருக்கிற நாட்களிலும் கேட்பான். சிறுவயதில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, "விட்டுடாதண்ணா" என்று கத்திக்கொண்டே ஓட்டுவான். அதற்கப்புறம் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இப்போதுதான் கேட்டான்.

வெல்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அவரை எனக்கு நன்றாகவே தெரியும். மேற்குக் குழாயில் வெடிப்பு விட்டிருந்தது, உள்ளே தவழ்ந்துபோய்ப் பற்றவைக்கவேண்டும். அன்று காலை, கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே இருக்கிற என் மேசைக்கு வந்து, "சார், இத கொஞ்சம் சார்ஜ்ல போடுங்க, உள்ள போனா அங்க சிக்னலும் கிடையாது ஒண்ணும் கிடையாது" என்று கைபேசியைக் கொடுத்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் ஆள் உள்ளே இருக்கும்போது வால்வுச் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். கணினி வந்தபிறகு அந்த வழக்கம் போய்விட்டது. அதை உங்கள் அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள், பெரிய குறை அது.

மேற்கை மூடியிருந்ததால் கிழக்கை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லி மதியம் உத்தரவு வந்தது. தம்பி காலையில் மேற்கு மூடியிருக்கிறதா என்று சரிபார்த்திருந்தான், அதே ஜன்னலில்தான் இருந்தான். அன்று நான் அந்தச் சொல்லை எடுத்திருந்தேன். என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா, எழுத்து வரல. கிழக்குக்கு மாறினேனா இல்லியான்னு ஞாபகம் இல்ல. எங்க இருக்கேன்னு அதுகிட்டயே கேட்டேன். மேற்குன்னு பதில் வருது."

அவன் திரை என் கணினியில் என் எதிரிலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன், அது சரியில்லை. பார்த்தேன். மேற்கு என்றுதான் இருந்தது. அவன் கேட்ட கேள்வியும் சரி, படித்த பதிலும் சரி.

"கிழக்குன்னுதான் இருக்கு" என்றேன். "நல்லாப் பாரு."

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுக்கிற சத்தம் கேட்டது.

"சரிண்ணா" என்றான்.

வெல்டர்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. சத்தியமாக அவரை நினைக்கவே இல்லை. கண்ணெதிரே எழுத்தில் ஒன்று இருக்கிறது, என் வாயில் வேறொன்று இருக்கிறது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வான் என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். அவன் கட்டளையைத் தட்டினான். 'மேற்கைத் திறக்கவா' என்று நிரல் கேட்டது. அதையும் படித்திருப்பான். 'ஆம்' என்று தட்டினான்.

பெரிய குழாயில் தண்ணீர் புறப்பட்டால் எங்கள் கட்டிடத்தின் தரை லேசாக அதிரும். செருப்பைக் கழற்றிவைத்திருந்தேன், உள்ளங்காலில் தெரிந்தது. தம்பி இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை.

"அண்ணா, மேற்குல அழுத்தம் ஏறுற மாதிரி தெரியுதுண்ணா."

"உனக்கு அப்படித்தான்டா தெரியும்."

"ஆமாண்ணா" என்றான்.

என் இடத்திலிருந்தே மூடியிருக்கலாம், உண்மைதான். ஒரே ஒரு கட்டளை. நான் அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிய பிறகு ஷிஃப்ட் அம்மா வந்து மூடினார். மேசைமேல் வெல்டரின் கைபேசி அடித்தது, 'வீட்டுக்காரி' என்று வந்தது. நின்றது, மறுபடி அடித்தது. அந்த நேரத்தில் அது யாருக்கும் நன்றாக இருக்காது என்று சத்தத்தைக் குறைத்துவைத்தேன்.

தம்பி உங்களிடம் எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். தன் கண் பொய் சொல்லிவிட்டது என்றானாமே. என் பெயரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கண் பொய் சொல்லவில்லை, ஐயா. ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் செய்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரு விண்ணப்பம் மட்டும். இதை அவனிடம் சொல்லவேண்டாம். தண்டனையை எனக்கே கொடுங்கள், ஆனால் காரணம் அவனுக்குத் தெரியவேண்டியதில்லை. இப்போதுதான் கொஞ்சம் அமைதியாகியிருக்கிறான். மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், அவன் என்னோடுதான் இருக்கிறான். எதற்கும் என்னைத்தான் கேட்கிறான். அடுப்பு எரிகிறதா, கதவு சாத்தியிருக்கிறதா, வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று. மாடியிலிருந்து இறங்கும்போது, "அண்ணா, படி இருக்கா?" என்பான். இருக்கிறது என்பேன், இறங்குவான்.

நேற்றுக் காலை சும்மா, இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். வைக்கப்போன காலை எடுத்துக்கொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டான். நான் குளித்து, சாப்பிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு வரும்வரை நின்றான். கையைப் பிடித்து நான்தான் பத்திரமாக இறக்கிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், ஐயா, நான் இல்லாவிட்டால் அவன் என்ன ஆவான்?