காது குத்துக்கு அப்பா வேண்டும்

கடம்பத்தூரில் ரயிலேறி என் எதிரில் உட்கார்ந்தது ஒரு புருஷனும் பெண்சாதியும், அவர் தோளில் தூங்கும் ஒரு பெண் குழந்தையும். இவர்கள் அந்தக் குழந்தையைப் பெற்றவர்கள் அல்ல. தாய் இந்தப் புருஷனுடைய தங்கை, இறந்துவிட்டாள். தகப்பன் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலையில் இருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

"காது குத்தறப்போ தாய்மாமன்னு நீ மடில வெச்சிக்கினு குந்திடுவே. அப்பன்னு யாரு மாமா நிப்பாங்க?"

"நானேதான். என்னத்தானே நைனான்னு கூப்புடுது?"

"பெத்தவரு உசுரோட கீறாரு. வரச்சொல்லு."

"வந்தா இட்டுனு பூடுவாரும்மே." அவர் குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

"ராவும் பகலும் சிப்டு பாக்கறவரு, இட்டுனு போயி இன்னா பண்ணுவாரு? வெறுங்கையோட வர வெக்கப்பட்டுக்கினு கீறாரு. பஸ்ஸுக்கு நாமளே மணியார்டர் அனுப்பலாம்."

"அப்போ பட்டுப் பாவாடைக்குன்னு வெச்ச பணம்?"

"சீட்டிப் பாவாடை போதும். அழுது மூக்கு சிந்தறதுக்குப் பட்டு எதுக்கு? மொதல்ல அழுவப் போறதே நீதான்."

திருவள்ளூரில் இறங்கும்போது அவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி, அனுப்பறேன். ஆனா வரவும் ஒரு ஆளு, திரும்பிப் போவவும் ஒரே ஆளுதான். ஒரு ஆளு பஸ் சார்ஜு அஞ்சு ரூபா, அதுக்கு மேல அனுப்ப மாட்டேன்."